அமெரிக்காவில் விமானிப் படிப்பு: ஊரின் வானத்தையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வரும் பருவத்தில் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் விமானிப் படிப்பும் இடம்பிடிக்கத் தொடங்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்று வந்ததும் பெயர், தரவரிசை, ஆண்டுக் கட்டணம் என்ற மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. கணினிப் படிப்புக்கு அது ஓரளவு போதும். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் வகுப்பு நடக்கும். விமானிப் படிப்பில் பாதி வகுப்பு வானத்தில். அந்த ஊரில் வாரத்துக்கு எத்தனை நாள் பறக்க முடிகிறது என்பதைப் பொறுத்தே படிப்பு எத்தனை ஆண்டு இழுக்கும், எவ்வளவு பணம் கரையும் என்பதெல்லாம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் குடும்பங்களுக்காகவே இந்த நீளமான கடிதம்.

ஊருக்குப் போகும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். பிள்ளை கடைசியில் எந்த நாட்டில் விமானம் ஓட்டப் போகிறார்?

2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவுக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தனர். அதைத் தொடர்ந்து 2010-இல் வந்த சட்டத்தின்படி, 2013 முதல் அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் துணை விமானியாக உட்காரவும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவைப்படுகிறது. விமானத் துறையில் நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவருக்கு இது 1,000 மணியாகக் குறையும். குறைய மூன்று நிபந்தனைகள் உண்டு. அந்தக் கல்லூரி, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். விமானவியல் பாடங்களில் 60 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். கருவிப் பறப்பு (வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறப்பது), கமர்ஷியல் (சம்பளத்துக்குப் பறக்கும் உரிமம்) ஆகிய இரண்டு பயிற்சிகளையும் அந்தக் கல்லூரியோடு இணைந்த பார்ட் 141 பள்ளியிலேயே, அதாவது எஃப்ஏஏ பாடத்திட்டத்தை அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியிலேயே, பெற்றிருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் தவறுகிறார்கள். கோடை விடுமுறையில் வேறோர் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கருவிப் பறப்பை வெளியே முடித்துவிட்டு வந்தால், பட்டம் கையில் இருக்கும், 500 மணிச் சலுகை இருக்காது.

நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகங்கள் முன்னிறுத்தி விற்பது இந்தச் சலுகையைத்தான். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைக்கு, அதாவது நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் வளரும் நம்மவர் பிள்ளைகளுக்கு, அது உண்மையான லாபம். பயிற்றுநராக வேலை பார்த்து மாதம் 70 மணி சேர்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 500 மணி என்பது ஏழு மாதம். சீனியாரிட்டி எண்ணை வைத்தே எல்லாம் நடக்கும் தொழிலில் ஏழு மாதம் சின்ன விஷயமல்ல.

மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போய்விட்டு இந்தியாவுக்கே திரும்பப் போகிறவருக்கு அந்த 1,000 மணிக் கணக்கால் பயன் இல்லை. இந்தியாவில் கமர்ஷியல் உரிமத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்பது 200 மணி. அதில் 100 மணி தலைமை விமானியாக இருக்க வேண்டும். 300 கடல்மைல் நீளமுள்ள ஒரு பயணத்தில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கியிருக்க வேண்டும். கேட்கக் குறைவாகத் தோன்றும் இந்தக் கணக்கில்தான் அமெரிக்கப் பட்டதாரிகள் முட்டி நிற்கிறார்கள்.

காரணம் பார்ட் 141 பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதில் தனியார் உரிமத்துக்கு (சம்பளமின்றிப் பறக்கும் முதல் கட்ட உரிமம்) குறைந்தபட்சம் 35 மணி, கருவிப் பறப்புக்கு 35, கமர்ஷியலுக்கு 120, கூட்டினால் 190. இதிலும் ஒரு பங்கு சிமுலேட்டரில் கழிந்திருக்கும். கருவிப் பறப்புப் பாடத்தில் 40 விழுக்காடு வரை பயிற்சிச் சாதனத்தில் நடத்த விதியே இடம் கொடுக்கிறது. ஆக, உண்மையான விமானத்தில் 200 மணி வராமலேயே ஒருவர் அமெரிக்கக் கமர்ஷியல் விமானி ஆகிவிடலாம். அடுத்தது லாக்புக், அதாவது பறப்பு மணிப் பதிவேடு, எழுதும் முறை. தனியார் உரிமம் கைக்கு வந்தபின், பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கட்டுப்பாட்டைக் கையாண்டவர் அந்த நேரத்தைத் தலைமை விமானி நேரமாக எழுதிக்கொள்ள அமெரிக்க விதி அனுமதிக்கிறது. இந்தியாவில் பயிற்றுநரோடு பறந்தது பயிற்சி மணிதான். அமெரிக்க லாக்புக்கில் 130 என்று இருப்பது இங்கே கூட்டிப் பார்த்தால் 70, 80 ஆகிவிடும். மூன்றாவதாக, இந்தியக் கருவிப் பறப்புத் தகுதிக்குத் தலைமை விமானியாக ஊர்விட்டு ஊர் பறந்த 50 மணி தேவை. பார்ட் 141 கருவிப் பாடம் அதைக் கேட்பதில்லை.

ஆகவே முதல் செமஸ்டரிலேயே லாக்புக்கில் ஒரு தனிப் பத்தி போட்டு, பயிற்றுநர் இல்லாமல் பறந்த மணியை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு வர வேண்டும். குறைகிற மணியைப் படிப்பு முடியும் முன் அங்கேயே வாடகை விமானத்தில் நிரப்பிக்கொள்வது, திரும்பி வந்து இங்கே இடம் தேடுவதைவிடச் சுலபம். கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் டிஜிசிஏ கணினி எண்ணும் (தேர்வெழுதுவதற்கான பதிவு எண்) கிளாஸ் 1 மெடிக்கலும் (விமானிக்கான மருத்துவச் சான்று) கையில் இருக்கட்டும். அமெரிக்க மெடிக்கல் கிடைத்து இந்திய கிளாஸ் 1 கிடைக்காதவர் இங்கே வணிக விமானம் ஓட்ட முடியாது. நான்கு ஆண்டு கழித்து அது தெரியவருவது கொடுமை.

திரும்பி வருவது உறுதி என்றால் நான்கு ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் விலை கூடிய வழி. பட்டமும் வேண்டும், அந்தச் சூழலும் வேண்டும் என்று தெரிந்தே போகிறவர்களை நான் தடுக்கவில்லை. போகிறவர்கள், விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகியிருக்கும் சிஐபி குறியீட்டை (படிப்பின் வகையைக் காட்டும் எண்) படித்துவிட்டுப் போகட்டும். 49.0101 என்றால் அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு. படிப்புக்குப் பின் 12 மாத ஓபிடி பணி அனுமதியோடு இன்னும் 24 மாதம் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 49.0102 என்றால் அந்த நீட்டிப்பு கிடையாது. ஒரே கல்லூரியில் இரண்டு படிப்புகள் ஒரே மாதிரிப் பெயரோடு இரண்டு குறியீடுகளில் இருக்கலாம். பயிற்றுநராக வேலை பார்த்து மணி சேர்க்க நினைப்பவருக்கு அந்தக் கடைசி இலக்கமே எல்லாம்.

இனி ஊர்.

வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து தொடங்கலாம். 1968-இல் தொடங்கிய வடக்கு டகோட்டா பல்கலைக்கழக விமானப் பள்ளி நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களோடு இயங்குகிறது. தனியார் உரிமப் பாடம் முதல் பயன்படும் பைப்பர் ஆர்ச்சர் என்ற சிறு விமானம்தான் அவற்றில் பெரும்பகுதி. பழங்காலப் பனிப்பாறை ஏரி ஒன்றின் படுகை என்பதால் ஊரைச் சுற்றி நிலம் மேசைபோலத் தட்டை. கோதுமை, சர்க்கரை எடுக்கும் பீட், உருளை வயல்கள். எஞ்சின் நின்றால் இறங்க இடம் தேட வேண்டியதில்லை. சாலைகள் ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டமாக வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. தரையை வைத்துத் திசை பிடிக்கும் பாடங்களைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. அதுவே குறையும்கூட. கட்டம் போட்ட நோட்டில் எழுதப் பழகிய கை வெள்ளைத் தாளில் தடுமாறுவதுபோல, இங்கே மட்டும் பறந்தவருக்கு மலையும் காடும் புதிதாக இருக்கும்.

குளிர் அங்கே மைனஸ் 30 டிகிரி செல்சியஸைத் தொடும், தாண்டவும் செய்யும். குளிரால் காற்று அடர்த்தியாவதால் விமானம் துள்ளிக்கொண்டுதான் ஏறும், சிக்கல் தரையில். இறக்கையில் உறைபனிப் படலம் துளி இருந்தாலும் அகற்றாமல் புறப்படக் கூடாது. எஞ்சினை முன்கூட்டியே சூடேற்றாமல் கிளப்பினால் கெட்டிப்பட்ட எண்ணெய் உள்ளுறுப்புகளுக்குப் போய்ச் சேராமல் தேய்மானம் ஏற்படும். அதனால் குளிரூரில் பள்ளி பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது: வெப்பமூட்டிய ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) ஒரே நேரத்தில் எத்தனை விமானம் நிற்கும்? காலை எட்டு மணிக்கு இருபது விமானம் புறப்பட வேண்டிய இடத்தில் ஹேங்கரில் ஆறுதான் கொள்ளும் என்றால் மீதிப் பேர் பனி சுரண்டிக்கொண்டிருப்பார்கள். எந்த வெப்பநிலைக்குக் கீழே பள்ளி பறப்பை நிறுத்துகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 48 டிகிரி வடக்கில் இருக்கும் ஊர் அது. டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இரவுப் பாடத்தை மாலை ஆறரைக்கே முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஜூனில் ஒன்பதரையை ஒட்டி மறைகிறது. இரவுப் பறப்பு என்று எழுத, மறைந்தபின் அந்தி வெளிச்சம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பத்தரைக்குப் பறந்துவிட்டு மறுநாள் காலை ஏழு மணி ஸ்லாட்டுக்கு (பறக்க ஒதுக்கிய நேரத்துக்கு) வருகிறவர் அரைத் தூக்கத்தில் வருவார். இரவுப் பாடங்களைக் குளிர்காலத்துக்குத் திட்டமிடுங்கள்.

ஃபுளோரிடாவின் டேடோனா பீச் இதற்கு நேர் எதிர். எம்ப்ரி-ரிடில் விமானவியல் பல்கலைக்கழகம் 1965-இல் குடியேறிய ஊர். வளாகம் விமான நிலையத்தை ஒட்டியே இருப்பதால் வகுப்பு முடிந்து நடந்தே போய்விடலாம். பனி இல்லை. ஆண்டு முழுக்கப் பறக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைப் பாதியாக்கிப் படிக்க வேண்டும். கடற்காற்று உள்ளே நுழைந்து சூடான நிலக்காற்றோடு மோதிப் பிற்பகலில் இடிமேகம் கட்டும். மின்னல் அருகில் வந்தால் விமான நிறுத்தத்தில் ஆளே நிற்கக் கூடாது. கோடையில் அங்கே காலை ஸ்லாட் கிடைத்தவர் பறப்பார், மாலை ஸ்லாட் கிடைத்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே கேட்க வேண்டியது ஸ்லாட்டை எப்படிப் பகிர்கிறார்கள் என்பதை. செமஸ்டர் முழுக்க ஒரே நேரமா, சுழற்சியா? ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம் வேறு. புயல் திரும்பினால் விமானங்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். போக, வர, ஊர் சீராக என்று ஒரு வாரம் போய்விடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார் பந்தய மைதானம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. பெரிய பந்தயம் நடக்கும்போது, தொடங்கும் முன் ஒரு மணியிலிருந்து முடிந்தபின் ஒரு மணிவரை, மைதானத்தைச் சுற்றி 3 கடல்மைல், 3,000 அடி உயரம் வரை பறக்கத் தடை விழும். பிப்ரவரிப் பந்தய வாரத்தில் விடுதி வாடகையும் எகிறும். பெற்றோர் பார்க்கப் போவதென்றால் அந்த வாரம் வேண்டாம். ஆனால் அந்த நெரிசலான வான்வெளியில் பழகியவரின் காதும் வாயும் வேறு மாதிரி. கட்டுப்பாட்டு அறை வேகமாகப் பேசுவதை ஒரே தடவையில் பிடித்துத் திருப்பிச் சொல்லும் பழக்கம் அங்கே முதல் மாதத்திலேயே வந்துவிடும். நெரிசலுக்கு விலையும் உண்டு, கீழே வருகிறேன்.

அதே பல்கலைக்கழகம் 1978-இல் தொடங்கிய இன்னொரு வளாகம் அரிசோனாவின் பிரெஸ்காட்டில். விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 5,045 அடி உயரம். கோடையில் 32 டிகிரி வெயிலில் அந்த ஓடுபாதையில் நிற்கும் செஸ்னா 172 பயிற்சி விமானம், தான் 8,200 அடிக்கு மேல் நிற்பதாகவே உணரும். கணக்கு எளிது: அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பம் 5 டிகிரி, கூடுதலாக உள்ள 27 டிகிரிக்கு டிகிரிக்கு 120 அடி வீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் காற்று போதாமல் ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். எடைக் கணக்கை ஒப்புக்குப் போடும் மாணவர் அங்கே பிழைக்க முடியாது. அதனாலேயே அது நல்ல பள்ளிக்கூடம். வறண்ட வானம், மேகம் குறைவு என்பதால் தனியார் உரிமக் கட்டம் ஓடிவிடும். நிஜ மேகத்துக்குள் கருவியை மட்டும் நம்பிப் பறந்த மணி குறைவாகவே சேரும்.

மிச்சிகனில் கதை வேறு. மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் இருப்பது கலமஸூவில். விமானங்கள் நிற்பது ஏறத்தாழ 25 மைல் தள்ளி பேட்டில் கிரீக்கில். இந்தப் பிரிவினையைக் கவனிக்காமல் கலமஸூவில் அறை எடுத்தவர் காலை ஏழு மணி ஸ்லாட்டுக்கு ஆறு மணிக்குள் பனிச்சாலையில் கார் எடுக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மிச்சிகன் ஏரியின் ஈரத்தை மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு வந்து தாழ்ந்த மேகப் போர்வை போர்த்திவிடும். கருவிப் பறப்பு படிப்பவருக்கு மேகம்தானே வேண்டும் என்று தோன்றலாம். அந்த மேகத்தின் உள்ளே உறைநிலை. இறக்கையில் பனி படிவதைத் தடுக்கும் சாதனம் இல்லாத பயிற்சி விமானம் அதற்குள் நுழையவே கூடாது. கீழே பறக்க மேகம் மிகத் தாழ்வு, உள்ளே போனால் உறைபனி. இரண்டும் கெட்ட அந்த மாதங்களைச் சிமுலேட்டருக்கும் எழுத்துத் தேர்வுக்கும் ஒதுக்கி, மேகப் பறப்பை ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் தள்ளிவைப்பவரே புத்திசாலி.

இண்டியானாவின் வெஸ்ட் லஃபயட்டில் பர்டூ பல்கலைக்கழகத்துக்கு 1930 முதல் சொந்த விமான நிலையம் இருக்கிறது, வளாகத்தை ஒட்டியே. அமீலியா ஏர்ஹார்ட் 1935 முதல் அங்கே பணியாற்றினார். நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம். வேறு துறைகளில் இந்திய மாணவர்கள் நிறைய இருப்பதால் பருப்பு, மசாலா, அறைத்தோழர் மூன்றுக்கும் பஞ்சமில்லை. மத்திய மேற்கின் குளிர்கால மேகம் அங்கேயும் உண்டு. கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் விமானிப் படிப்பு நடத்தும் சலைனாவில் 12,300 அடி ஓடுபாதை. குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்டது. அங்கே எதிரி காற்று. செஸ்னா 172-இன் கையேட்டில், ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றில் இறக்கிக் காட்டிய அளவு 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). அதற்குள் தனியே இறக்கப் பழகாதவர் சோலோ (பயிற்றுநர் இல்லாமல் பறக்கும்) நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது பணம். கல்லூரி தரும் பறப்புக் கட்டண அட்டவணை பெரும்பாலும் குறைந்தபட்ச மணிக்குப் போட்டது. 35 மணியில் தனியார் உரிமம் முடிப்பவர் அபூர்வம். ஆகவே "சென்ற ஆண்டு முடித்தவர்கள் சராசரியாக எத்தனை மணியில், எத்தனை மாதத்தில் முடித்தார்கள்?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் மேலே பேச வேண்டியதில்லை.

மணி எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள். பல பள்ளிகளில் கட்டணம் ஹாப்ஸ் மீட்டர்படி. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆறு நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக ஏறும், விமானம் தரையில் வரிசையில் நின்றாலும்கூட. நெரிசலான நிலையத்தில் ஒவ்வொரு பறப்பிலும் 18 நிமிடம் தரையில் போகிறது என்று வையுங்கள், 0.3 மணி. 150 தடவை பறந்தால் 45 மணி. விமானமும் பயிற்றுநரும் சேர்த்து மணிக்கு 250 டாலர் என்று வைத்தால் 11,250 டாலர், ஓடுபாதை முனையில் நின்றதற்கு. கட்டண விகிதம் ஐந்து டாலர் குறைவு என்று நெரிசலான ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வாரத்துக்கு மூன்று ஸ்லாட், 15 வார செமஸ்டர் என்றால் 45 ஸ்லாட். மூன்றில் ஒன்று வானிலையால் போனால் 30. ஒன்றுக்கு 1.3 மணி வீதம் 39 மணி. தனியார் உரிமத்துக்கு இதுவே இறுக்கம்; வாரம் இரண்டு ஸ்லாட் மட்டும் தரும் பள்ளியில் செமஸ்டருக்குள் முடியாது. முடியாவிட்டால் அந்தப் பாடம் 'முழுமையடையவில்லை' என்று நின்று, அடுத்த பறப்புப் பாடத்தில் பதிய முடியாமல் போகும். வகுப்புப் பாடங்கள் நான்கு ஆண்டில் முடிந்து, பறப்புக்காக மட்டும் ஐந்தாவது ஆண்டு தங்குபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். இரண்டு வாரம் பறக்காமல் இருந்தால் கை மறந்துவிடும், முந்தைய பாடத்தைத் திரும்பப் பறக்க வேண்டியிருக்கும். அதற்கும் மீட்டர் ஓடும்.

வானம் தெளிவாக இருந்தும் நிற்கும் நாட்கள் தனி. சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே பறக்க விடுகிறார்களா, ஓராண்டு காத்திருப்புப் பட்டியலா? பயிற்றுநர்கள் பெரும்பாலும் நேற்றுவரை மாணவர்களாக இருந்தவர்கள். 1,000 மணி சேர்ந்ததும் விமான நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். நடுப் பாடத்தில் ஆள் மாறினால், புதியவர் முதலிலிருந்து சோதித்துப் பார்க்காமல் சோலோவுக்குக் கையெழுத்துப் போடமாட்டார். ஸ்டேஜ் செக்குக்கு (ஒவ்வொரு கட்ட முடிவிலும் வரும் சோதனைப் பறப்புக்கு) எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று, சேர்க்கை அலுவலகத்தை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள். பள்ளிக்குத் தானே தேர்வு நடத்தும் அதிகாரம் உண்டா என்பது மிக முக்கியம். உண்டென்றால் வெளித் தேர்வாளரின் தேதிக்கும் கட்டணத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரம் பெற மாணவர்களில் 90 விழுக்காட்டினர் முதல் முயற்சியில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. சாதாரண பார்ட் 141 பள்ளிக்கு 80 போதும். அதனால் இந்த ஒரு கேள்வி தரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

பட்டறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பயிற்சி விமானம் ஒரு நாளில் போடும் இறக்கங்களைச் சொந்த விமானம் ஒரு மாதத்தில் போடாது. 2018 ஏப்ரல் 4 அன்று டேடோனா பீச்சில் பைப்பர் ஆரோ பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை உலோகச் சோர்வு விரிசலால் வானிலேயே பிரிந்தது. மாணவரும் தேர்வாளரும் இறந்தனர். அதன்பின் அதிக மணி ஓடிய அவ்வகை பைப்பர் விமானங்களின் இறக்கைத் தண்டைச் சுழல்மின்னோட்ட முறையில் சோதிக்க எஃப்ஏஏ உத்தரவிட்டது. பள்ளியின் மிகப் பழைய விமானம் எத்தனை மணி ஓடியது, அந்தச் சோதனை எப்போது நடந்தது என்று கேட்டால் நல்ல பட்டறை முகம் சுளிக்காது. 2023-இல் ஈயமில்லா எரிபொருளுக்கு மாறிய வடக்கு டகோட்டா பள்ளி, வால்வு இருக்கைகள் தேய்வதைத் தன் அளவீட்டிலேயே கண்டுபிடித்துச் சில மாதத்தில் பழைய எரிபொருளுக்குத் திரும்பியது. இப்படி அளந்து பார்க்கும் வழக்கம் உள்ள இடம் வேண்டும்.

தங்குமிடத்தைப் பற்றிச் சுருக்கமாக. விமான நிலையத்துக்கு விடிகாலைப் பேருந்து உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கார், காப்பீடு, அந்த மாநில ஓட்டுநர் உரிமம் மூன்றையும் முதல் ஆண்டுச் செலவில் சேருங்கள். கிராண்ட் ஃபோர்க்ஸ் போன்ற ஊரில் கார் எஞ்சினுக்கும் இரவில் மின்சூடேற்றி செருக வேண்டும். வாகன நிறுத்தத்தில் பிளக் உள்ள வீடாகப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் 12 மாதமா, கோடையில் பறப்பதாக இருக்கிறீர்களா என்று பொருத்திப் பாருங்கள். பறப்பவருக்குக் கோடை விடுமுறை இல்லாமல் இருப்பதே நல்லது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இயற்பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். மாணவர் விசா பதிவு, போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையான டிஎஸ்ஏவின் பின்னணிச் சோதனை, எஃப்ஏஏ விண்ணப்பம், ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அதை எழுதும். டிஎஸ்ஏ அனுமதி வராமல் வெளிநாட்டவருக்கு விமானத்தில் முதல் பாடத்தைக்கூடத் தொடங்கக் கூடாது. பெயர் பொருந்தாமல் வாரக்கணக்கில் தரையில் இருப்பது வீண் செலவு. பிறகு டிஜிசிஏ அந்த உரிமத்தை எஃப்ஏஏவிடம் சரிபார்க்கும்போதும் இதே முடிச்சு. விண்ணப்பிக்கும் முன்பே தந்தை அல்லது தாய் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துக் கடவுச்சீட்டைத் திருத்திவிடுங்கள். படிப்பு முடிந்து இந்தியா திரும்பியபின் முகவரியை மாற்றினால், 2025 முதல் எஃப்ஏஏ உரிமதாரர்கள் அமெரிக்காவில் தங்கள் சார்பில் கடிதம் பெற்றுக்கொள்ள ஒரு முகவரை நியமித்தாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எஃப்ஏஏ மெடிக்கல் படிவம் கடந்த மூன்று ஆண்டில் பார்த்த எல்லா மருத்துவரையும் கேட்கிறது. மனநல ஆலோசகரிடம் போனதை மறைப்பவர்களும், மறைக்க வேண்டுமே என்று போகாமலே இருப்பவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து. கவனக்குறைவுக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுத்த வரலாறு இருந்தால் மெடிக்கல் கைக்கு வர நீண்ட காலம் ஆகலாம்; அதனால்தான் முன்பணத்துக்கு முன் மெடிக்கல் என்கிறேன். நிறப்பார்வைக்கு 2025 முதல் புதியவர்களுக்குக் கணினிச் சோதனை. பழைய புள்ளி அட்டைப் புத்தகத்தில் தேறியதை நம்பி இருக்க வேண்டாம்.

வானத்தை விசாரிக்க விமானச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையத்தின் வானிலை அறிக்கையும் மணிக்கு ஒருமுறை இலவசமாக வெளியாகிறது. நான்கெழுத்துக் குறியீடு தெரிந்தால் போதும். கிராண்ட் ஃபோர்க்ஸ் கே-ஜி-எஃப்-கே, டேடோனா பீச் கே-டி-ஏ-பி, பிரெஸ்காட் கே-பி-ஆர்-சி, பேட்டில் கிரீக் கே-பி-டி-எல், வெஸ்ட் லஃபயட் கே-எல்-ஏ-எஃப். குளிர்காலத்தில் அங்கே காலை எட்டு மணி என்பது நமக்கு டேடோனா, பேட்டில் கிரீக், வெஸ்ட் லஃபயட்டுக்கு மாலை 6.30, கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு 7.30, பிரெஸ்காட்டுக்கு 8.30. மேகத்தின் அடி 3,000 அடிக்கு மேல், பார்வைத் தூரம் 5 மைலுக்கு மேல், காற்று 15 நாட்டுக்குள் இருந்தால் அன்று தொடக்க மாணவர் பறப்பார் என்று ஒரு கோடு, இல்லையென்றால் சுழி. ஒரு நோட்டில் ஐந்து பத்தி போட்டு நவம்பர் முதல் தேதி தொடங்கினால், அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முன்பணம் கட்டக் கடைசி நாளான மே 1-க்குள் ஆறு மாதக் கோடும் சுழியும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
விமானப் பயிற்சித் துறை வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி